ரேஷன் கடையில் கேழ்வரகு: மழை மாத அடுப்படிக்கு மிச்சம் எவ்வளவு?

ஐப்பசி பிறந்தால் அடைமழை. அடைமழை வந்தால் அடுப்படியில் கவலை.

விறகு நனைகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு நாலு நாள் வேலை இல்லை. காய்கறி விலை ஏறுகிறது. பிள்ளைகளோ பள்ளிவிட்டு வந்ததும் "என்ன இருக்கிறது?" என்று பானையைத் திறக்கிறார்கள். போதாக்குறைக்குத் தீபாவளியும் வந்து வாசலில் நிற்கிறது.

இந்த இரண்டு மாதத்தை எப்படித் தள்ளுவது?

தர்மபுரி மாவட்டத்துத் தாய்மார்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பாட்டிமார்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். நடுவில் அது காணாமல் போயிற்று. 2023-ம் ஆண்டு ரேஷன் கடை வழியாகத் திரும்பி வந்தது.

அந்த விடைதான் கேழ்வரகு.

அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசு ஒரு சோதனை செய்தது. நீலகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. அரிசி அட்டைக்காரர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. காசு வாங்கவில்லை. அதே 2023-ம் ஆண்டைத்தான் ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அப்படி அறிவிக்கச் சொல்லிக் கேட்டது இந்தியா.

நீலகிரி சரி, தர்மபுரி எதற்கு? கேழ்வரகு விளையும் ஊருக்கே கேழ்வரகைக் கொண்டுபோவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக அல்லவா இருக்கிறது!

விஷயம் அதில்தான் இருக்கிறது. விளைகிற ஊரிலேயே அது அடுப்படியை விட்டுப் போய்விட்டது.

போனது எப்படி?

தர்மபுரி வானம் பார்த்த பூமி. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதி. 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தனி மாவட்டம் ஆயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. ஆற்றுப் பாசனம் குறைவு. மேட்டு நிலம் அதிகம். நெல் எல்லா இடத்திலும் வராது. அதனால் கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, நிலக்கடலை, இவைதான் குடியானவன் வீட்டுச் சொத்து. சித்தேரி மலைப் பக்கம் போனால் சாமை.

கேழ்வரகுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நன்றாகக் காயவைத்துச் சேர்த்தால் பல ஆண்டு கெடாது. அரிசியில் வண்டு விழும். கேழ்வரகு மணி மிகச் சிறியது. வண்டுக்கு அதில் குடியிருக்க இடம் போதாது. ஆகவே மழை பொய்த்தாலும் குதிரில் இருக்கும் கேழ்வரகு குடும்பத்தைக் காப்பாற்றும். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைப் போட்டு உலுக்கியது. அப்படிப்பட்ட சீமையில் "கெடாத தானியம்" என்பதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு அரிசி வந்தது.

1967-ல் அண்ணா ஆட்சியில் "ரூபாய்க்கு ஒரு படி அரிசி" சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2006-ல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் ஆயிற்று. 2008-ல் 1 ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம்.

இதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பட்டினியை விரட்டியது அந்த அரிசி. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் அரிசி உண்டு என்ற தைரியத்தை ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தது.

ஆனால் ஒன்று நடந்தது. இலவசமாக அரிசி வரும்போது, காசு கொடுத்துக் கேழ்வரகு வாங்கி, கல் பொறுக்கி, மாவு மில்லுக்குச் சுமந்து, கை வலிக்கக் களி கிண்ட யாருக்கு மனம் வரும்? "களி தின்கிறவர்கள்" என்றால் ஏழைகள் என்ற கேலி வேறு. பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். தாய்மார்கள் துடுப்பைப் பரணில் போட்டார்கள்.

காவிரிக்கு அக்கரையில், கர்நாடகத்தில், இந்த வெட்கம் இல்லை. இந்தியாவிலேயே கேழ்வரகு அதிகம் விளைவது அங்கேதான். பிரதமராக இருந்த தேவ கவுடாவே களிப் பிரியர் என்று பெயர் வாங்கியவர். நாம் "களி" என்பதை அவர்கள் "முத்தே" என்கிறார்கள். பெயர்தான் வேறு, உருண்டை ஒன்றே.

2 கிலோ எத்தனை வேளைக்கு வரும்?

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஒரு பெரியவருக்கு ஒரு வேளைக் களிக்கு 100 கிராம் மாவு வேண்டும். 2 கிலோவில் 20 உருண்டை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்தே வேளை!

"ப்பூ, இவ்வளவுதானா?" என்று நினைக்கத் தோன்றும். மாதம் முழுக்க இதை வைத்து ஓட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த ஐந்து வேளையில் வேறு ஒரு லாபம் இருக்கிறது.

எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுப் பட்டியல். ஆக, ஓர் உருண்டைக் களியில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. பால் வாங்கிக் கட்டுப்படியாகாத வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேர். வீட்டில் அரிசி இருக்கிறது, வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை. வெறும் சோறும் ரசமும் தின்றால் வேறு என்ன ஆகும்?

அந்த ஐந்து வேளையை மாதத்தின் முதல் வாரத்திலேயே முடித்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் களி. மிச்ச மாவைக் கூழுக்கும், பிள்ளைகளின் கஞ்சிக்கும், தோசைக்கும் பிரித்துப் போடுங்கள். இட்லி மாவில் நாலு கரண்டி கேழ்வரகு மாவு கலந்தால் தோசை நன்றாகவே வரும். நிறம் கொஞ்சம் கறுப்பாக இருக்கும். பிள்ளைகள் முகம் சுளித்தால் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டிவிடுங்கள். கேள்வி இல்லாமல் உள்ளே போகும்.

களியில் கட்டி விழாமல் இருக்க

புதிதாகக் குடித்தனம் வந்த பெண்களுக்குக் களி என்றால் பயம். கட்டி விழும், கை சுடும், அடி பிடிக்கும். பழைய முறையில் இந்த மூன்றும் வராது.

ஒரு கைப்பிடி நொய்யரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுங்கள். உப்புப் போடுங்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்பது கணக்கு. நொய் வெந்து கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக் கூடாது! துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போடுங்கள். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வந்து மாவை வேகவைக்கும். தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அதற்குப் பிறகுதான் துடுப்பு.

இறக்கிவைத்து, பாத்திரம் ஆடாமல் கால்களால் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் கிண்ட வேண்டும். வெந்ததா என்று பார்க்க ஈரக் கையால் தொடுங்கள். மாவு கையில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது.

இந்த இடத்தில் வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. களி கிண்டுவது கைப் பலம் வேண்டிய வேலை. "என் அம்மா கிண்டுகிற களி மாதிரி இல்லை" என்று குறை சொல்லுகிறவர்கள் துடுப்பைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். கேழ்வரகு வீட்டுக்குள் திரும்பி வந்து நிலைக்குமா, நிலைக்காதா என்பது பாதி இந்தத் துடுப்பில்தான் இருக்கிறது.

தொட்டுக்கொள்ள? மழை மாதத்தில் கீரைக்குப் பஞ்சமே இல்லை. கொல்லையிலும் வரப்பிலும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை தானாக முளைத்துக் கிடக்கும். பறித்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுக் கடைந்தால் காசில்லாத குழம்பு. கொள்ளுக் கடைசல் இருந்தால் குளிருக்கு இதம். கார்த்திகை கடந்து அவரைக்காய் முற்றியதும் கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கித் தள்ளி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பார்கள். களியும் பிதுக்குப் பருப்பும் சேர்ந்தால் விருந்தாளிக்கே வைக்கலாம்.

கூழில் எரிபொருளும் மிச்சம். முதல் நாள் இரவே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் மாலை ஒரே முறை அடுப்பேற்றிக் காய்ச்சிவிட்டால், அடுத்த நாள் காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். மோரும் சின்ன வெங்காயமும் போதும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிகிற மழைக் காலையில், இது எவ்வளவு பெரிய உதவி என்று ஊதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முளைகட்டிய மாவு தயாராக இருக்கட்டும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, ஒரு நாள் விட்டால் முளை வரும். உலர்த்தி, வறுத்து, அரைத்துச் சலித்தால் சரி. முளைகட்டினால் இரண்டு நன்மை. கேழ்வரகில் உள்ள ஒரு பொருள் இரும்பையும் சுண்ணாம்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. முளைகட்டும்போது அந்தப் பிடி தளர்கிறது. இரண்டாவது, கஞ்சி சீக்கிரம் கெட்டியாகாது. ஆகவே அதே சின்னக் கிண்ணத்தில் அதிக மாவைப் போட்டுக் குழந்தைக்கு ஊட்டலாம். ஆறு மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை தாய்ப்பால் மட்டுமே.

ஆனால் மழைக் காலத்தில் ஓர் ஆபத்து. வெயில் இல்லாமல் முளைத் தானியம் சரியாகக் காயாது. பூஞ்சணம் பிடிக்கும். அதைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. மின்விசிறிக் காற்றில் பரப்பி, பிறகு இளஞ்சூட்டில் கடாயில் வறட்டி எடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

நெய் வடிகிறதா?

"கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே?" என்று ஒரு பழமொழி உண்டு.

இப்போது கேழ்வரகில் நெய் மட்டும் அல்ல, அமிர்தமே வடிகிறது என்று சொல்லுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பளபளக்கும் பெட்டியில் போட்டு, "சர்க்கரை நோய் பறந்துவிடும்" என்று விற்கிறார்கள். பறக்காது. கேழ்வரகும் மாவுச் சத்துதான். களியாக, அளவாக, கீரையோடும் பருப்போடும் சாப்பிட்டால் நல்லது. தண்ணீராகக் கரைத்த கஞ்சியை டம்ளர் டம்ளராகக் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்திவிட்டுக் களியை நம்புவது பெரிய ஆபத்து.

பெட்டியில் வரும் சத்துமாவுக்கும் ரேஷன் கேழ்வரகுக்கும் தானியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பெட்டியில் இருக்கிறது. அந்தக் காசுக்கு வறுகடலையும் வேர்க்கடலையும் வாங்கிச் சேர்த்து அரையுங்கள்.

களிக்கு எந்தத் தண்ணீர்?

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது தர்மபுரிக்கு என்றே சொல்ல வேண்டியது.

இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு அதிகம். நிலத்துக்கு அடியில் உள்ள பாறையிலிருந்து அது நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீறினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், தேய்த்தாலும் போகாது. பல ஆண்டு தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். முதுகு வளைந்து போனவர்களும் உண்டு.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்துவைத்தார்கள். காவிரி நீர் குழாயில் வந்தது.

ஆனால் பல வீட்டில் என்ன நடக்கிறது? குழாய்த் தண்ணீரைக் குடிக்க எடுத்துவைக்கிறார்கள். சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். "கொதிக்கத்தானே போகிறது, என்ன கெட்டுவிடும்?" என்கிறார்கள்.

கெடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும்; புளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். முன்னைவிடச் செறிவாகிவிடும். களி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று மேலே பார்த்தோம். கூழ் அதற்கும் மேலே. குழம்பு, கீரை, தேநீர் எல்லாம் தண்ணீரே. குடிநீரில் காட்டிய சிக்கனம் சமையலில் வீணாய்ப் போகிறது.

ஆகவே குழாய்த் தண்ணீர் குறைவாக வரும் நாளில், குடிக்கவும் சமைக்கவும் அதை ஒதுக்குங்கள். குளிக்க, துவைக்க, கழுவ மற்றது போதும்.

மழைக் காலத்தில் இன்னொரு வழியும் உண்டு. வானத்திலிருந்து விழும் தண்ணீரில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். காசும் இல்லை! முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் கழுவிய கல்லைப் போட்டு, கீழே குடம் வைத்துப் பிடிப்பது பழைய பழக்கம். முதல் மழையை விட்டுவிட வேண்டும்; அது தூசியைக் கழுவிக்கொண்டு வரும். அடுத்த மழையில் பிடியுங்கள். ஓட்டுக் கூரையிலும் மாடித் தளத்திலும் பிடிக்கலாம், கூட்டிக் கழுவியிருந்தால். கல்நார் கூரைத் தண்ணீர் வேண்டாம். வடிகட்டிக் கொதிக்கவைத்துச் சமையுங்கள். குடத்தை எப்போதும் துணி போட்டு மூடிவையுங்கள். டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் திறந்துவைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

உங்கள் கிணற்றில் புளோரைடு எவ்வளவு என்று கண்ணால் பார்த்தோ, குடித்துப் பார்த்தோ சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். தெருவே ஒரு கிணற்றை நம்பியிருந்தால் தெருவுக்கு ஒரு சோதனை போதும்.

புளியும் நெல்லியும்

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் என்ற கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

அதியமானுக்கு அரிதாக இருந்த நெல்லி இன்று கார்த்திகை மாதத்துச் சந்தையில் குவிந்து கிடக்கிறது. களியோடும் கீரையோடும் ஒரு நெல்லித் துண்டு தின்றால், அதில் உள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள உதவுகிறது. மலிவாக இருக்கும்போது வாங்கி உப்பு நீரில் ஊறப்போடுங்கள். மழை முடிந்து வெயில் வந்த பிறகு வற்றலாகக் காயவையுங்கள்.

சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தேயிலை, இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். போதாததற்கு, தேயிலையிலும் புளோரைடு இருக்கிறது.

புளியின் செய்தி இன்னும் சுவை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள், பள்ளிச் சிறுவர்களுக்கு நாள்தோறும் புளி கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் வெளியேறும் புளோரைடின் அளவு கூடியது. 2002-ல் இதை வெளியிட்டார்கள். புளிக்குப் பேர்போன ஊர் தர்மபுரி. நோய் இருக்கும் இடத்திலேயே ஒரு துணையும் மரத்தில் தொங்குகிறது! ஆனால் இது துணைதான், மருந்து அல்ல. தண்ணீரை மாற்றாமல் புளியை மட்டும் கரைத்துப் பயனில்லை.

மழையில் புளி நீர்த்துப் போகும். கொட்டை எடுத்து, கல்லுப்பைத் தூவி அடுக்கடுக்காக மண் சட்டியில் அழுத்திவைத்தால் அடுத்த மாசி அறுவடை வரை தாங்கும். தக்காளி விலை ஏறும்போது கைகொடுப்பதும் இதே புளிதான். பாலக்கோடு சந்தைத் தக்காளியை நம்பி யாரும் மாதக் கணக்குப் போட முடியாது. ஒரு மாதம் சாலையோரம் கொட்டுகிற விலை. 2023 ஜூலையில் பார்த்தோமே, கிலோ 100 ரூபாயைத் தாண்டிய விலை. மலியும் நாளில் உப்பும் புளியும் சேர்த்துத் தொக்காகக் கிண்டிவைப்பவர் புத்திசாலி.

மிச்சப்பட்ட காசு எங்கே போகிறது?

சிக்கனத்தில் தர்மபுரிப் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைத்த மாவட்டமே இதுதான். 1989-ல், ஐ.நா. சபையைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கே தொடங்கியது. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமையும் 2023 ஜூலை 24-ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். தொப்பூர் இருப்பதும் இந்த மாவட்டத்தில்.

தீபாவளி நெருங்கும்போது இந்தக் காசுக்குத்தான் வலை வீசுகிறார்கள். பெயர் தெரியாதவர்களின் தீபாவளிச் சீட்டு, "ஒன்றுக்கு இரண்டு" என்று ஆசை காட்டும் நகைச்சீட்டு. குழுவிலும் அஞ்சலகத்திலும் போடும் பணத்துக்குப் புத்தகம் உண்டு. புத்தகமோ பதிவு எண்ணோ காட்டாத இடத்தில் பத்து ரூபாய்கூடப் போடாதீர்கள்.

குழுவாகச் சேர்ந்தால் வேறு ஒரு வேலையும் நடக்கும். பத்து வீட்டுக் கேழ்வரகை ஒரே நாளில் சேர்த்து மில்லுக்கு அனுப்பலாம். போகிற ஆள் ஒருவர், வண்டிச் செலவு ஒன்று. கடலை, வெல்லம், எண்ணெய் ஆகியவற்றையும் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

சாமைக்கு இது இன்னும் அவசியம். கேழ்வரகை அப்படியே அரைக்கலாம். சாமைக்கு உமி நீக்க வேண்டும். உரலில் குத்தினால் தோள் கழன்றுவிடும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுபோய் வைத்தது. பெண்களின் குத்து வேலை குறைந்தது. சிறுதானியம் தின்னுங்கள் என்று மேடையில் பேசுவது எளிது. அந்த இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை மைல் நடக்க வேண்டும் என்பதையும் பேசினால்தான் பேச்சுக்குப் பலன்.

விளைவித்தவர் பங்கு

களி தின்பவர் கதை இவ்வளவு. விளைவிப்பவர்?

கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23-ல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2025-26-ல் 4,886 ரூபாய். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 35 ரூபாய் 78 காசிலிருந்து 48 ரூபாய் 86 காசுக்கு வந்திருக்கிறது. இது நல்ல ஏற்றம். ஆனால் அறிவிப்பில் உள்ள விலை கைக்கு வர வேண்டுமானால், அரசு வாங்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத ஊரில் வியாபாரி சொன்னதே விலை.

ரேஷன் கடைக்குக் கேழ்வரகு வேண்டும் என்று வந்த பிறகுதான், தர்மபுரி மாவட்டத்து உழவரிடம் அரசே நேரடியாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியது. கடையில் 2 கிலோவைக் கேட்டு வாங்கும் குடும்பத் தலைவிக்கும், மேட்டு நிலத்தில் கதிர் அறுக்கிறவருக்கும் உள்ள உறவு இதுதான். வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று அரிசியையே கேட்டால், கொள்முதலும் சுருங்கும். வாங்கிவந்து மாட்டுக்குப் போட்டாலும் அதே கதைதான்.

ஆடி ஆவணியில் விதைத்த மானாவாரிக் கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். அறுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். ஈரம் அதிகமானால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் வெயிலில் களத்தில் நன்றாக உலர்த்தி, தூசி தூற்றி, வீட்டுக்கும் விதைக்கும் வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு, மற்றதைக் கொண்டுபோங்கள். சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இப்போதே எடுத்து நனையாத இடத்தில் வையுங்கள். நிலையம் எந்த ஊரில், எந்தத் தேதியில் திறக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வேளாண்மை அலுவலகத்திலோ ஐப்பசியிலேயே விசாரித்துவிடலாம்.